தோட்டத்துச் சம்பளத்தில் ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் (பாமாயில் மரத்) தோட்டத்தில் குலை வெட்ட வந்திருக்கிறீர்கள். ஊரில் குடும்பம் பிரிந்துவிட்டது, பிள்ளைகள் இருவரும் தாயிடம். குடும்பநல நீதிமன்றம் பிள்ளைகளுக்காக மாதம் 9,000 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறது. அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் உங்கள் தலையில். சின்னவனுக்கு வீசிங் உண்டு. "இந்த மாதம் பாதி அனுப்பினால் என்ன அண்ணே, போனில் பேசக்கூட விடமாட்டேன் என்கிறாள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி அனுப்பினால் மீதிப் பாதி உங்கள் பெயரில் பாக்கியாக ஏறும், அவ்வளவுதான். கையில் இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த உண்மையை நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கும்வரை அதற்கு மதிப்பில்லை. பாக்கி விழுந்தால் பிள்ளைகளின் தாயான அந்த அம்மா ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டு வாரண்ட் வாங்கலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறை சென்றாலும் தொகை நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1980களிலேயே சொல்லிவிட்டது. அடுத்த முறை விடுமுறையில் விமான நிலையத்தில் இறங்கும்போது வாரண்ட் காத்திருக்கக் கூடாதல்லவா?

தொகையைக் குறைக்க வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான பழைய 125ஆவது பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகியிருக்கிறது. நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்பதற்கு 146. உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில் வக்கீல் மூலம் கேட்க வேண்டும். வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரத்தையும் பிரமாண வாக்குமூலத்தையும் கோலாலம்பூரில் உள்ள இந்திய ஹை கமிஷனில் (தூதரகத்தில்) சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். மனுப் போடுவதற்கு முன் விழுந்த பாக்கி குறையும் என்று எண்ணி உட்காராதீர்கள். அதனால்தான் இந்த மாதமே என்று சொல்கிறேன்.

இனி உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள். இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வெள்ளிக்கு இருபது ரூபாய் என்று தோராயமாக வைத்தால் நீதிபதியின் கண்ணுக்கு அது 34,000 ரூபாய். சீட்டின் கீழ்ப்பகுதியில் கழித்த கணக்கு அவருக்குத் தெரியாது. நீங்கள்தான் காட்ட வேண்டும். 2020இல் ரஜ்னேஷ், நேஹா என்ற ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும் என்றாகிவிட்டது. வருட ஆரம்பத்தில் குலை குறையும் மாதங்களின் சீட்டு, விளைச்சல் ஏறும் மாதங்களின் சீட்டு இரண்டையும் வையுங்கள். நல்ல மாதத்தை மறைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடிப்பார், பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. ஏஜெண்டுக்குக் கட்டும் கடனை நீதிபதிகள் பெரும்பாலும் பெரிதாக மதிப்பதில்லை, அதை நம்பி இருக்காதீர்கள். லெவி (வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் வரி) என்று சம்பளத்தில் பிடித்திருந்தால் மட்டும் விடாதீர்கள். 2018 முதல் அந்தச் செலவு முதலாளியுடையது, தொழிலாளர் துறையில் கேட்கலாம்.

பணம் அனுப்பும் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். சம்பள நாள் மாலையில் என் மளிகைக் கடை வாசலில் நின்று பார்த்தால் தெரியும்: ஒருவர் உண்டியல்காரரிடம் (உரிமமில்லாமல் ஊருக்குப் பணம் அனுப்பித் தருபவரிடம்) கொடுப்பார், இன்னொருவர் ஊருக்குப் போகிறவர் சட்டைப் பையில் திணிப்பார். நாலு காசு கூடக் கிடைக்கிறதாம்! தெரிந்தவர் ஒருவர் அப்படித்தான் வருடக்கணக்காக அனுப்பினார். பணம் வரவில்லை என்று அந்தப் பக்கம் சொன்னபோது காட்ட ஒரு துண்டுச் சீட்டில்லை. வங்கி வழியாகவோ பணம் அனுப்ப உரிமம் உள்ள கடை வழியாகவோ, உத்தரவில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். உங்கள் அம்மாவிடம் கொடுத்து, அவர் போய்க் கொடுப்பது வேண்டாம். குறிப்பில் எந்த மாதத்துக்கு என்று எழுதுங்கள். வெயிலில் அந்த ரசீதின் எழுத்து மங்கிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

காப்பீட்டுக்கு வருவோம். வீசிங் உள்ள பிள்ளையின் பாலிசியைத் தவறவிடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம்வரை இருக்கலாம். பாலிசி செத்துப் போனால் அந்த எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். வருடத்துக்கு ஒருமுறை கட்டும் பாலிசிக்குக் கெடு முடிந்த பின் முப்பது நாள் சலுகை உண்டு, ஆனால் அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பணம் வருமா என்பதை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாதென்றால் மாதத் தவணையாகவோ காலாண்டுத் தவணையாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள், பல நிறுவனங்கள் செய்கின்றன. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, புதுப்பிக்கும் ரசீதில் அந்த 18 சதவீதம் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியத்தை நீங்களே நேராக நிறுவனத்துக்குக் கட்டுங்கள். அதற்காக 9,000த்தில் கழித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. சேர்த்துக் கணக்கிட வேண்டுமென்றால் அதையும் அந்த மனுவிலேயே கேளுங்கள்.

இன்னொன்று, தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடம் ஐந்து லட்சம் வரை சிகிச்சை. பிள்ளைகளின் பெயர் இன்னும் உங்கள் பழைய ரேஷன் அட்டையிலேயே இருக்கிறதா? இருந்தால் தாயின் அட்டைக்கு மாற்ற ஒத்துழையுங்கள். நீங்கள் அனுப்பும் பணத்தையும் சேர்த்து வருமானச் சான்றிதழில் என்ன வரும் என்று அந்த அம்மா கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கட்டும். இது ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய சிகிச்சைக்குத்தான். மாதாமாதம் வாங்கும் இன்ஹேலருக்கு உதவாது.

போனில் பேச விடாத வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கும் ஜீவனாம்சத்துக்கும் முடிச்சுப் போட்டால் இரண்டும் கெடும். பார்க்கவும் பேசவும் உரிமை கேட்டுத் தனி மனுப் போடுங்கள், காணொளி அழைப்புக்கும் நேரம் குறித்துக் கேட்கலாம். ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். பள்ளி விட்டு வந்து அவர்கள் ஓய்வாக இருக்கும் ஏழு மணி உங்களுக்கு ஒன்பதரை. விடியலில் வெட்டுக்குப் போகிறவர் நீங்கள், எல்லா நாளும் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை மாலை என்று கேளுங்கள்.

இங்கே சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்பீடு) உங்களுக்கு மட்டும்தான், பிள்ளைகளின் காய்ச்சலுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் வேலை விபத்தில் உங்களுக்கு ஏதாவது ஆனால் வாரிசுகளுக்கு உதவித்தொகை உண்டு. 2025 அக்டோபர் முதல் உங்கள் சம்பளத்தில் இரண்டு சதவீதம் ஊழியர் சேமநிதிக்கும் போகிறது. இரண்டுக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்று நகலைத் தருவித்து வையுங்கள், சேமநிதிக்கு வாரிசாக அவர்கள் பெயரை எழுதுங்கள். ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்கத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள். சம்பளச் சீட்டு, நீதிமன்ற உத்தரவு, பாலிசி மூன்றையும் எடுத்து வாருங்கள். வக்கீலுக்கு அனுப்ப வேண்டியதைச் சேர்ந்தே பிரித்து அடுக்கிவிடலாம்.