நிறம் மாறும் ஜன்னல் கண்ணாடி எத்தனை ஆண்டுகள் உழைக்கும்?

கேள்வி: மேற்குப் பார்த்த அறைக்கு, பொத்தானை அழுத்தினால் நீலமாகக் கருத்து வெயிலைத் தடுக்கும் கண்ணாடி போட எண்ணியுள்ளோம். இருபது ஆண்டுகள் உழைக்கும் என்கிறார் விற்பனையாளர். அந்தப் பூச்சு நாளடைவில் செயலிழந்துவிடும் என்கிறார் உறவினர். யார் சொல்வது சரி?

பதில்: முதலில், உங்களுக்குக் காட்டப்படும் பொருள் எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணாடியின் மேல் ஒட்டித் தரப்படும் ‘ஸ்மார்ட் ஃபிலிம்’ பெரும்பாலும் திரவப் படிக வகையைச் சேர்ந்தது. மின்சாரத்தை நிறுத்தியதும் அது பால்போல் வெளுத்துவிடும். நீங்கள் கேட்பது டங்ஸ்டன் ஆக்சைடு என்னும் வேதிப்பொருளின் மெல்லிய படலம். அது தொழிற்சாலையிலேயே இரட்டைக் கண்ணாடிக்குள் அடைக்கப்பட்டு வருவது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நிறத்தை நெடுநேரம் தக்கவைத்துக்கொள்வது.

உறவினரின் அச்சம் ஆதாரமற்றதன்று. சில வோல்ட் மின்னழுத்தம் தரும்போது லித்தியம் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) படலத்துக்குள் நுழைவதால் நீல நிறம் உண்டாகிறது. அவை வெளியேறும்போது கண்ணாடி தெளிகிறது. ஒவ்வொரு முறையும் சில அயனிகள் உள்ளேயே சிக்கிக்கொள்வதால், ஆண்டுகள் செல்லச் செல்லக் கருமையும் குறைகிறது, முழுத் தெளிவும் திரும்புவதில்லை. இப்படிச் சிக்கிய அயனிகளை நிலையான மின்னோட்டம் செலுத்தி வெளியேற்றிப் படலத்துக்குப் பழைய திறனை மீட்டுத் தர முடியும் என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். எனினும் அது ஆய்வகத்தில் கிடைத்த முடிவு. வீட்டு ஜன்னலில் நாமாகச் செய்துகொள்ளக் கூடியதன்று.

மேற்கு வெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கருத்த நிலையில் கண்ணாடியே வெப்பத்தை உறிஞ்சிச் சூடாகிறது. சூடு ஏற ஏறப் படலத்தில் வேண்டாத வேதி மாற்றங்கள் விரைவுபடுகின்றன. இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தை அடைத்து மூடும் விளிம்பு முத்திரை தளர்ந்து ஈரம் புகுந்தால் படலத்தின் சிதைவு இன்னும் வேகமாகும் என்பதால், படலத்தைப் போலவே முத்திரையின் தரத்தையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

‘50,000 முறை சோதித்தது’ என்ற விளம்பரத்தைக் கண்டு மட்டும் மயங்க வேண்டாம். நாளுக்கு ஐந்து முறை நிறம் மாற்றினால் அது ஏறக்குறைய 27 ஆண்டுகளுக்குச் சமம் என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் இ2141 போன்ற முதுமைச் சோதனைகளில் வெயிலும் வெப்பமும் தாக்கும் காலம் 5,000 மணி நேரம், அதாவது சுமார் ஏழு மாதம்தான். மிகுந்த வெப்பத்தில் நடத்தப்படும் கடுமையான சோதனை அது என்றாலும், இருபது ஆண்டுப் பருவ மாற்றங்களுக்கு அதை முழு ஈடாக என்னால் கொள்ள முடியவில்லை.

எனவே உத்தரவாதத்தில் மூன்றைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள்: கண்ணாடி முத்திரைக்கு எத்தனை ஆண்டு, நிறம் மாறும் திறனுக்கு எத்தனை ஆண்டு, கட்டுப்பாட்டுக் கருவிக்கு எத்தனை ஆண்டு. தெளிந்த நிலையிலும் கருத்த நிலையிலும் எத்தனை விழுக்காடு ஒளி கடக்கும், எந்த அளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதும் எண்ணாகவே இருக்கட்டும். ‘நல்ல நிலையில் இருக்கும்’ என்ற சொல்லை வைத்துப் பின்னாளில் எதையும் கேட்டுப் பெற முடியாது. கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் படலம் நன்றாக இருந்தும் கண்ணாடியை நம் விருப்பப்படி மாற்ற முடியாமல் போகும். ஆகவே மாற்றுக் கருவி தனியே விற்கப்படுகிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.