கேலிக்கு நடுவே சாட்சி

கேள்வி: அலுவலகத்தில் மதிய உணவுக்கு முன் சிலுவை அடையாளம் வரைந்தாலே நண்பர்கள் கேலி செய்கிறார்கள். என் விசுவாசத்தைப் பற்றிப் பேசும் துணிவு எனக்கு எப்படி வரும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த அவர், டிலனாய் என்ற டச்சுத் தளபதி சொன்ன, விவிலியத்தில் பெரும் துன்பங்களிலும் கடவுள் நம்பிக்கையை இழக்காத யோபுவின் கதையால் மனம் தேறி, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் கைதான அவரை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றது, மக்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே. ஆனால் காவலில் இருந்த அவரைத் தேடி மக்கள் ஆறுதல் கேட்டு வந்தார்கள்! 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை அவர் தம் விசுவாசத்தை மறைக்கவில்லை. 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இதைச் சொல்லி உங்கள் வேதனையைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. தினமும் முகம் பார்க்க வேண்டியவர்களின் சிரிப்பு உண்மையாகவே வலிக்கும். இயேசுவின் சீடர்களான பேதுருவும் யோவானும் அவரைப் பற்றிப் பேசக் கூடாது என மிரட்டப்பட்டு விடுவிக்கப்பட்டபோது, தொடக்கத் திருச்சபையினர் ஒன்றுகூடி, மிரட்டல் நிற்க வேண்டும் என்று மன்றாடவில்லை, துணிவுடன் பேசும் வரத்தையே கேட்டார்கள். அவர்கள் அதைத் தனியாகக் கேட்கவில்லை என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எனவே உங்களோடு சேர்ந்து செபிக்க ஒருவரையாவது தேடிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் வாதத்துக்கு இறங்காதீர்கள். கேலி செய்பவருக்கு ஓர் உதவி தேவைப்படும்போது முதலில் சென்று நில்லுங்கள். அவரே ஒருநாள் காரணம் கேட்டால், பேதுரு அறிவுறுத்தியபடி, பணிவோடும் மரியாதையோடும் விடை சொல்லுங்கள்.