பியானோ வகுப்பில் சேர்ந்திருக்கும் 8 வயது மகள் வீட்டில் பயிற்சி செய்ய எந்த டிஜிட்டல் பியானோ வாங்கலாம்? விலை குறைந்த 61 கட்டை கீபோர்டு போதாதா?

போதாது. நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில். அப்பா காலத்தில் தோட்டத்து லயம், இப்போது டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) வரிசை வீடு. மகள் சனிக்கிழமைகளில் ஈப்போவுக்குப் போய்ப் பியானோ படிக்கிறாள். வகுப்பில் நிஜமான, செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோ. வீட்டில் நான் வாங்கி வைத்தது 61 கட்டை கீபோர்டு. நூற்றுக்கணக்கான வாத்தியக் குரல்கள், தபேலாகூட உண்டு. மூன்று மாதம் ஒழுங்காகத்தான் வாசித்தாள். ஆனால் அதே பாடத்தை வகுப்பில் வாசித்தால் நடுநடுவே சுரங்கள் காணாமல் போயின. மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டையைத் தொடும், கட்டையும் இறங்கும், சத்தம் மட்டும் வராது. டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வீட்ல எதுல வாசிக்கிறா?"

பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி செய்த முதல் பியானோவிலிருந்தே இப்படித்தான். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, விரைந்து அழுத்தினால் பெரிய ஒலி, ரொம்ப மெதுவாக அழுத்தினால் ஒன்றுமே கேட்காது. விலை குறைந்த கீபோர்டில் கட்டையைத் தாங்குவது வெறும் ஸ்பிரிங். தொட்டாலே பாடிவிடும்.

என் அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவர். அந்த கீபோர்டு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், இப்போது அவர் அறையில்தான் இருக்கிறது. அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. ஆர்மோனியத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது துருத்தி போடுகிற கை. பியானோவில் அந்த வேலையும் விரலுக்குத்தான். அந்த வேலையைக் கற்றுத்தராத பெட்டியில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து என்ன பயன்?

ஆகவே கேட்டு வாங்க வேண்டியது நிஜப் பியானோவைப் போல 88 கட்டை, சுத்தியலின் கனத்தை விரலுக்குத் தரும் 'ஹேமர் ஆக்‌ஷன்', சுரத்தை நீட்ட மிதிக்கும் ஒரு பெடல். கடைக்காரர் 'செமி வெயிட்டட்' என்றால் அது ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கியதுதான், தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

ஆரம்ப விலையில் நான் போய் வாசிக்க வைத்துப் பார்த்தவை மூன்று. யமஹா பி-145, 2023-இல் பி-45-க்குப் பதிலாக வந்தது. எடை 11 கிலோதான், கட்டையும் சற்று இலகு, சின்னக் கைக்கு வலிக்காது. கேசியோ சிடிபி-எஸ்110 இன்னும் மெலிசு. மின்சாரம் போனால் ஆறு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். மூன்றாவது ரோலண்ட் எஃப்பி-10, நாங்கள் வாங்கியது. மூன்றில் இதன் கட்டைதான் கனம். மேற்பரப்பில் தந்தம் போன்ற ஒரு சொரசொரப்பு இருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த விரல் வழவழப்பான பிளாஸ்டிக்கில் வழுக்குவதைப் பார்த்த பிறகு அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. குறையும் உண்டு. ஒலியைக் குறைத்து வாசித்தால் கட்டை 'டக் டக்' என்று கேட்கும், ஒலிபெருக்கி பக்கத்துக்கு 6 வாட்தான். விலை கடைக்குக் கடை மாறுகிறது, ஸ்டாண்டும் நாற்காலியும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியது 64 சுரமா 96 சுரமா என்று விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்ப கிரேடு தேர்வுகளுக்கு 64 தாராளம்.

கடைக்கு மகளைக் கூட்டிப் போங்கள். நீங்கள் வாசித்துப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அவளுடைய பாடத்திலிருந்து நாலு வரி, முதலில் குழந்தையைத் தூங்க வைப்பது போல, பிறகு அதையே பலமாக. இரண்டுக்கும் வித்தியாசம் கேட்கிறதா பாருங்கள். அப்புறம் இடது கோடியில் ஒரு கட்டை, வலது கோடியில் ஒரு கட்டை. இடது பக்கம் கனமாக இருக்க வேண்டும், நிஜப் பியானோவில் அப்படித்தான். இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு இடையே விரலை உள்ளே தள்ளியும் அழுத்தச் சொல்லுங்கள். ஆரம்ப விலை மாடல்களில் அங்கே ஏகமாக முரண்டு பிடிக்கும்.

பழையது வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் பின்பக்கத்து லேபிளைப் படித்துவிட்டு. ஜப்பானிலிருந்து இங்கே வரும் பழைய டிஜிட்டல் பியானோக்கள் பலவும் அந்த ஊர் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் வீட்டில் வருவது 230-240. என் மச்சான் அப்படி ஒன்றை மலிவாகப் பிடித்து வந்தார். விற்றவர் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று மூச்சுவிடவில்லை. பிளக் முனையில் ஒரு அடாப்டரைச் செருகி சுவிட்சைத் தட்டியதும் கருகல் வாசனை. சமையலறையில் ஏதோ தீய்கிறது என்று அக்கா ஓடினார். அந்தப் பியானோ இப்போது அவர்கள் வீட்டில் துணி மடித்து வைக்கும் மேசை.

நிஜப் பியானோவே வாங்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். 200 கிலோவுக்கு மேல் எடை, நம் ஊர் ஈரத்துக்குச் சுருதி நிற்காது, கம்பி துருப்பிடிக்கும், அடிக்கடி ஆள் வரவழைக்க வேண்டும். முதல் சில வருடங்களுக்கு அது தேவையில்லை. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வுகளில் காணொளி எடுத்து அனுப்பும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடுக்கு, எடையுள்ள முழு அளவுக் கட்டையும் பெடலும் உள்ள டிஜிட்டல் பியானோவை ஏற்றுக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சில்லறை வேலைகள். எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் வேண்டாம், பலமாக வாசித்தால் ஆடுகிறது. முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வருகிற உயரத்தில் உட்கார வேண்டும். எங்களுக்கு நாற்காலியில் இரண்டு மெத்தை தேவைப்பட்டது. கூடவே தரும் பெடல் சின்னப் பெட்டி மாதிரி இருக்கும், டைல்ஸ் தரையில் மிதிக்க மிதிக்க ஓடிவிடும். பழைய மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டினேன், அன்றோடு ஓட்டம் நின்றது.

ஹெட்ஃபோனையும் பட்ஜெட்டில் சேருங்கள். எங்கள் பின்பக்கக் கூரை தகரம், சாயங்கால மழை பிடித்துவிட்டால் 6 வாட் ஒலிபெருக்கி எந்த மூலைக்கு? அவள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிப்பாள், எங்களுக்குக் கேட்பது மழையும் அந்த 'டக் டக்'கும்தான். இடி மின்னல் என்றால் அதுவும் கிடையாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அடாப்டரையே கழற்றிவிட வேண்டும். முதல் இடி கேட்டதும் நான் கொடியில் காயும் துணிக்கு ஓடுவேன், அவள் பிளக்குக்கு ஓடுவாள்.