சத்தமாகப் பேசினால் அது பொய்யா?

கேள்வி: பராசக்தி, பாசமலர் போன்ற பழைய படங்களை இன்று உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. ஒரே கூச்சல், அழுகை, பக்கம் பக்கமாக வசனம். கடைசி விவசாயி மாதிரி இப்போது வருபவைதான் உண்மையான சினிமா. பழையதெல்லாம் வெறும் மேடை நாடகம் என்று விமர்சகர்கள் ஏன் துணிந்து சொல்வதில்லை?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சொல்வதில்லையா? தமிழில் சினிமா விமர்சனம் எழுத வந்தவர்களில் பலர் காலங்காலமாக இதைத்தான் சொல்லி வருகிறார்கள். ‘நாடகத்தனம்’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் போதும், படத்தை முழுசாகப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

நீங்கள் சொன்ன படங்களையே எடுத்துக்கொள்வோம். பராசக்தியில் ஒரு கோர்ட் காட்சி இருக்கிறது. கடைசி விவசாயியிலும் இருக்கிறது. 1952இல் கூண்டில் நிற்கிற குணசேகரன், தன் தங்கையிடம் முறைகேடாக நடக்கப் பார்த்த பூசாரியைக் கோயிலுக்குள் புகுந்து தாக்கியவன். செய்யவில்லை என்று அவன் மறுக்கவில்லை. ஏன் செய்தேன் என்று அடுக்கடுக்காகச் சொல்லிக் கேட்க வைக்கிறான். 2022இல் நிற்கிற மாயாண்டி, செத்துக் கிடந்த மயில்களை எடுத்துப் புதைத்த கிழவர். அவரே கொன்றதாக வழக்கு. அவருக்கு வழக்கைப் பற்றிய கவலையே இல்லை. விதைத்த நெல்லுக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்பதுதான் கவலை. கடைசியில் மாஜிஸ்திரேட் ஒரு போலீஸ்காரரை வயலுக்கு அனுப்ப வேண்டியதாகிறது.

இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான். சட்டத்தின் கணக்கில் குற்றவாளியாக நிற்கிறவன் பக்கம் நம் மனசு சாய்கிறது. ஒருவன் முழங்குகிறான், இன்னொருவர் முணுமுணுக்கிறார். அதற்குக் காரணம் இருக்கிறது. மு. கருணாநிதி எழுதிய அந்த வசனம் நீதிபதிக்காக எழுதப்பட்டதே அல்ல, கொட்டகையில் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக எழுதப்பட்டது. தி.மு.க. தொடங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பேசியவர்கள் யார்? சிவாஜி, சகஸ்ரநாமம், எஸ்.எஸ்.ஆர். மூவருமே நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள், கடைசி வரிசைக்கும் காது கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டைகள். மாயாண்டியாக வந்த நல்லாண்டியோ நிஜ விவசாயி. படம் வெளியாவதற்கு முன்பே இறந்துபோனார். அவரிடம் குணசேகரனின் வசனத்தைக் கொடுத்திருந்தால் அபத்தம். குணசேகரன் மாயாண்டி மாதிரி முணுமுணுத்திருந்தாலும் அதே அளவு அபத்தம்தான்.

அப்புறம், பழையது என்றாலே கூச்சல் என்பதும் தப்பு. பராசக்தி வந்த இரண்டே வருஷத்தில் அதே சிவாஜி ‘அந்த நாள்’ செய்தார். பாட்டே கிடையாது, கதாநாயகன் தேசத் துரோகி. 1962இல் இயக்குநர் ஸ்ரீதர் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தைக் கிட்டத்தட்ட முழுசாக எடுத்தார். மகேந்திரனைப் பாருங்கள். தங்கப்பதக்கத்தின் அனல் பறக்கும் வசனங்கள் அவர் எழுதியவை. ஐந்து வருஷம் கழித்து அதே மனிதர்தான் உதிரிப்பூக்கள் எடுத்தார். அதில் ஆற்றங்கரையில் ஊரே, கொடுமைக்காரனான சுந்தரவடிவேலுவைச் சாகச் சொல்லிச் சூழ்ந்து நிற்கிறது. இத்தனை பேரையும் இன்றைக்கு என்னைப்போல ஆக்கிவிட்டேனே, நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிற அர்த்தத்தில் அவன் நிதானமாகப் பேசுகிறான். குரல் உயரவே இல்லை. எந்த இடத்தில் முழங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பது தெரிந்த எழுத்து அது.

சரி, பாசமலருக்கு வருகிறேன். நீங்கள் மறுபடி பார்க்க வேண்டிய படம் அதுதான். அண்ணன் தங்கை அழுகிற படம் என்று ஒற்றை வரியில் அதை முடித்துவிடுகிறோம். கதை எங்கே தொடங்குகிறது? ராஜு ஒரு மில் தொழிலாளி. அவன் தங்கை ராதா வீட்டிலிருந்தபடி பொம்மை செய்து விற்றுச் சேர்த்த காசுதான் அவன் தொழிலுக்கு முதல். தொழிலாளி முதலாளியாகிறான். முன்பு பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஆனந்த், இப்போது தொழிலாளர்களுக்காக அவனை எதிர்த்து நிற்கிறான். தங்கை விரும்புவதும் அந்த ஆனந்தைத்தான். பாசத்துக்கு நடுவில் பணமும் அந்தஸ்தும் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று 1961இல் பீம்சிங் கேட்டிருக்கிறார். ‘மலர்ந்தும் மலராத’ பாட்டைக் கவனியுங்கள். அண்ணன் ஒரு வீட்டில், தங்கை ஒரு வீட்டில், ஆளுக்கொரு குழந்தையைத் தாலாட்டுகிறார்கள். இவர் பாடுவது அவருக்குக் கேட்காது. ஆனாலும் பாட்டு ஒன்றுதான். அங்கே யாரும் கத்தவில்லை. தங்கையாக நடித்த சாவித்திரியின் முகமே போதுமானதாக இருக்கிறது.

இன்றைய படங்களில் நான் மதிப்பவை நிறைய. 2024இல் வந்த கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது, அந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நடிகர் மெதுவாகப் பேச, வயலின்கள் அவருக்கும் சேர்த்து அழுகிற படங்களும் வாரா வாரம் வருகின்றன. அதை யாரும் நாடகத்தனம் என்று எழுதுவதில்லை. ‘உட்கார்ந்து பார்க்க முடியவில்லை’ என்கிறீர்களே, அதே பேச்சுதான் மெய்யழகனையும் வெட்ட வைத்தது. இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசுவதுதான் அந்தப் படமே. வெளியான பிறகு சுமார் 18 நிமிடம் குறைத்தார்கள்.

பாசமலரின் கடைசிப் பகுதி நீளம் என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ‘கை வீசம்மா’ காட்சியில் பாதி போதும். ராஜுவும் ஆனந்தும் முதலாளியும் தொழிலாளியுமாக மோதுகிற காட்சிகளும் வெறும் நாடகம்தான் என்றால், அதில் எந்த வரி பொய், எந்த முகபாவம் பொய் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். இதே பக்கத்தில் முழுசாகப் போடுகிறேன்.