திரையின் கூர்மையும் கையின் நீளமும்

வணக்கம் ஐயா,

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். வயது 52. உங்கள் கட்டுரைகளைக் கைத்தொலைபேசியில்தான் வாசிக்கிறேன். கிட்டப் பிடித்தால் எழுத்து மங்குகிறது; கையை நீட்டிப் பிடித்தால் தெளிகிறது. என்னுடையது 6.5 அங்குலத் திரை, 720 × 1600 பிக்சல். கூடுதல் பிக்சல் உள்ள விலையுயர்ந்த போன் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறான் மகன். வாங்கலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சற்றுப் பொறுங்கள். பிக்சல் எனும் திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு திரையின் கூர்மையைச் சொல்லிவிட முடியாது. அது கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது.

நல்ல பார்வையுள்ள கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், பொதுவாக ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்று கொள்ளப்படுகிறது. இரவில் கோணேசர் கோயில் மலையில் நின்று பார்க்கும்போது, கிட்ட நிற்கும் படகின் இரண்டு விளக்குகள் தனித்தனியாகத் தெரிய, தூரத்துப் படகின் விளக்குகள் ஒன்றாகிவிடுவது இதனால்தான். ஒரு மீற்றர் இடைவெளியில் உள்ள இரு விளக்குகள், கணக்குப்படி ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் ஒன்றாகும். திரையிலும் இதே கணக்குத்தான். 8,700ஐச் சென்ரிமீற்றரில் அளந்த தூரத்தால் வகுத்தால், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்பது கிடைக்கும்: 20 செ.மீ. தூரத்துக்கு 435, முப்பதுக்கு 290, நாற்பதுக்கு 218. 2010இல் ஐபோன் 4ஐ அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜொப்ஸ், 10 முதல் 12 அங்குலத் தூரத்தில் பிடிக்கும் கருவியில் அங்குலத்துக்கு 300 பிக்சல் அளவில் கண்ணின் எல்லை வந்துவிடும் என்று சொன்னதும் இதையொட்டித்தான். அந்தத் திரையில் 326 இருந்தது.

உங்கள் திரையில் அங்குலத்துக்கு 270 பிக்சல் இருக்கின்றன. ஆகவே 32 செ.மீ.க்கு அப்பால் பிடித்து வாசிக்க அது போதும். இந்த எல்லை கோடு கிழித்தாற்போன்றது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: கோட்டின் ஓரத்திலுள்ள மிகச் சிறிய விலகலை, மேலே சொன்ன கோணத்தைவிட நுணுக்கமாகவே கண் கண்டுபிடித்துவிடும், சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துகளில் அது இன்னும் எளிதாகப் புலப்படும்.

ஆனால் உங்கள் சிக்கல் அதுவாக எனக்குப் படவில்லை. நாற்பது வயதுக்குப் பின் கண்ணின் வில்லை இறுகி, கிட்டத்திலுள்ளதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறைந்துகொண்டே போகிறது. ‘ணை’ என்ற எழுத்தைத் திரையில் வைத்து மெதுவாகக் கண்ணருகே கொண்டுவாருங்கள். சுழிகளின் ஓரம் பல்லுப் பல்லாகத் தெரிந்தால் குறை திரையில். சுழிகளே கலங்கி, உள்ளே இருக்கும் வெளி அடைபட்டுப் போனால் குறை கண்ணில். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைப் போலவே இருக்கிறது. அதற்கு எத்தனை பிக்சல் சேர்த்தும் பயனில்லை. முதலில் கண்ணைப் பரிசோதித்து, தேவையெனில் வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வட்ஸ்அப்பில் படமாக வரும் பத்திரிகைப் பக்கங்கள் வேறு கதை. அனுப்பும்போதே சுருங்கிப்போன படத்தை எந்தத் திரையாலும் கூர்மையாக்க முடியாது.

கண்ணாடி போட்டபின்பும் ஓரங்கள் கண்ணை உறுத்தினால், அதே அளவில் 1080 × 2400 பிக்சல் உள்ள ஒன்றை வாங்குங்கள். அதில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 405 பிக்சல் இருக்கும், 22 செ.மீ. வரை கிட்டக் கொண்டுவந்தாலும் போதுமானது. வாசிப்புக்காக மட்டும் அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்றே உங்கள் மகனிடமும் சொல்லுங்கள்.