வாசகர் கேள்வி: திரையில் ஒரு பூச்சாடி

கேள்வி: சினிமா, அழகியல், தத்துவம் மூன்றையும் இணைத்து ஆராயும் திரைப்பட அறிஞர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? படத்தின் வசனங்களிலிருந்து தத்துவக் கருத்துகளைப் பொறுக்கி எடுப்பதுதான் ஆய்வா?

பதில்: அப்படிப் பொறுக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதை நான் ஆய்வில் சேர்ப்பதில்லை. ஒரு பாத்திரம் மரணத்தைப் பற்றி நீளமாகப் பேசிவிடுவதாலேயே படம் தத்துவமாகிவிடாது. அந்தப் பேச்சை ஒரு நாவலிலும் எழுதிவிடலாம். காட்சியாலும் அது திரையில் நீடிக்கும் நேரத்தாலும் மட்டுமே எழுப்பக்கூடிய கேள்வி எது என்று தேடும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு 1949இல் எடுத்த 'பிந்திய வசந்தம்' படத்தில், திருமணமாகிப் பிரியவிருக்கும் மகளும் அவள் தந்தையும் கியோட்டோ விடுதியொன்றில் படுத்திருக்கிறார்கள். தந்தை உறங்கிவிட, மகள் புன்னகைக்கிறாள். அடுத்து, அரையிருளில் ஒரு பூச்சாடி. மீண்டும் அவள் முகம், இப்போது அழுகையின் விளிம்பில். (பூச்சாடி இருமுறை வருகிறது, ஒருமுறைதான் என்று நினைவிலிருந்து எழுதியவர்களும் உண்டு.) விமர்சகர் இந்த இடத்தை நெகிழ்ச்சியானது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆய்வாளரோ, புன்னகைக்கும் கண்ணீருக்கும் நடுவே ஒரு சடப்பொருள் ஏன் வந்தது என்று நின்றுவிடுகிறார்.

அமெரிக்கத் திரைக்கதாசிரியரும் இயக்குநருமான பால் ஷ்ரேடர் 1972இல் வெளியிட்ட நூலில் அந்தப் பூச்சாடியில் உலகியலைக் கடந்த ஒரு நிச்சலன நிலையைக் கண்டார். பிரெஞ்சுத் தத்துவவாதி ழீல் தெலூஸ், எல்லா மாற்றமும் தனக்குள் நிகழத் தான் மாறாமல் நிற்கும் காலமே அங்கு நேரடியாகத் தெரிகிறது என்று 1985இல் வெளிவந்த நூலில் எழுதினார். திரைப்படத்தைப் போலியான இயக்கத்துக்கு உதாரணமாக 1907இலேயே காட்டிய பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சனின் சிந்தனையைக் கொண்டே தெலூஸ் சினிமாவைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார் என்பது சுவையான முரண். அமெரிக்கத் திரைப்பட அறிஞர் கிறிஸ்டின் தாம்சனோ, பூச்சாடிக்குப் பதில் தோட்டத்துக் கல்விளக்கைக் காட்டியிருந்தாலும் பொருந்தியிருக்கும் என்று வாதிட்டு, குறியீடு தேடுவோரின் ஆர்வத்தைத் தணித்தார்.

நான் தாம்சன் பக்கமே சாய்கிறேன், முழுமையாக அல்ல. பொருள் எதுவாக இருந்தாலும் சரி என்று ஒப்புக்கொண்டாலும், அந்த முகத்தைக் காணவிடாமல் நம்மைக் காக்கவைத்த சில நொடிகளுக்குப் பிறகே கண்ணீரின் விளிம்பு நமக்குத் தெரிகிறது. அவள் மனம் மாறியது அந்த நொடிகளிலா, முன்பே மாறியிருந்ததை நாம்தான் தாமதமாக அறிந்தோமா என்பதைப் படம் சொல்வதில்லை.