அன்றாட முடிவுகளில் விமர்சனச் சிந்தனையை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? சொந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

பெரிய முடிவு எதையும் சொல்லப் போவதில்லை. தண்ணீர்க் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

பெங்களூர் ஹொரமாவு பக்கம் 24 வீடு உள்ள அபார்ட்மென்ட் எங்களுடையது. 2024 பிப்ரவரியிலேயே போர்வெல் வற்றிவிட்டது. முழுக்க டேங்கர்தான். தினம் இரண்டு வண்டி, 6,000 லிட்டர் வண்டி. மார்ச் பிறந்ததும் மூன்றாவது வண்டி தேவைப்பட ஆரம்பித்தது. மெயின்டனன்ஸ் ஏறியது, அசோசியேஷன் கூட்டத்தில் குரலும் ஏறியது.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். செகரட்டரி மாமாவுக்கு இரண்டாவது மாடி பேச்சலர் பையன்கள் மூவர் மேல் சந்தேகம். "ராத்திரி பன்னெண்டு மணிக்குக் குளிக்கிறானுங்க தம்பி, நானே சத்தம் கேட்டேன்." தரைத்தளத்து அக்காவுக்கு, யாரோ ரகசியமாகக் கார் கழுவுகிறார்கள். (அந்த மாதம்தான் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது.) எனக்கு டேங்கர்க்காரர் மேல். 5 கிலோமீட்டருக்குள் என்றால் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய்தான் என்று மாவட்ட நிர்வாகம் விலையைக் கட்டிப்போட்டிருந்த நேரம். விலையில் போனதை அளவில் எடுக்கிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பிறகு யோசித்தால், யாருக்கு யாரைப் பிடிக்காதோ அவர்தான் திருடன். என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் பையன்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கூடுதலாக 6,000 லிட்டர், மூன்று பேர். ஆளுக்கு 2,000. பக்கெட்டுக்கு 16 லிட்டர் என்றால் ஒருவன் தினம் 125 பக்கெட் ஊற்றிக்கொள்ள வேண்டும். மாமாவிடம் சொன்னேன். "எல்லாத்துக்கும் கணக்குப் போட முடியாதுப்பா" என்றார்.

அடுத்தது என் சந்தேகம். இங்கேதான் கொஞ்சம் கவனமாக இருந்தேன், ஏனென்றால் அது சரியாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருந்தது. வண்டித் தண்ணீர் இறங்கும் தரையடித் தொட்டி, அதாவது சம்ப், 12 அடிக்கு 10 அடி. தண்ணீர் ஒரு அங்குலம் ஏறினால் 283 லிட்டர். முழு வண்டி இறங்கினால் 21 அங்குலம் ஏற வேண்டும். அளப்பதற்கு முன்பே மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன்: 18க்குக் கீழே வந்தால் டேங்கரை மாற்றுவோம், 20க்கு மேல் வந்தால் நான் இனி அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எழுதாமல் அளந்திருந்தால், எந்த எண் வந்தாலும் எனக்குச் சாதகமாக ஒரு விளக்கம் கண்டுபிடித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, நீளக் கம்பில் சாக்பீஸ் தடவி விட்டு அளந்தோம். முதல் நாள் 21. மறுநாள் இருபதே முக்கால். டிரைவர் அண்ணன் பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கூச்சமாக இருந்தது.

சரி, தண்ணீர் முழுசாக வருகிறது. அப்படியானால் உள்ளே எங்கோ போகிறது. எல்லாரும் தூங்கும்போதும் குறைந்தால் அது ஆள் செலவழிப்பது இல்லை. ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் சம்ப், மாடி டேங்க் இரண்டையும் அளந்தேன். சம்ப் அசையவில்லை. மொட்டை மாடி டேங்க் 10 அடிக்கு 8 அடி. மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. 560 லிட்டருக்கு மேல். நாள் முழுக்க இதே வேகம் என்றால் 4,500 லிட்டர், முக்கால் வண்டி.

டேங்கிலிருந்து நாலு லைன் கீழே இறங்குகிறது, லைனுக்கு ஆறு வீடு. மறுநாள் அதே நேரத்தில் போய் ஒவ்வொரு குழாயிலும் காதை வைத்தேன். மூன்றாவதில் மட்டும் விடாமல் ‘ஸ்ஸ்’ என்றது. வால்வை மூடினேன், நின்றது.

காலையில் அந்த லைனில் ஐந்து வீடு பார்த்தோம், எல்லாம் சரி. ஆறாவது வீடு ஜனவரியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது, ஓனர் கோயம்புத்தூரில். எங்கள் எல்லாக் கணக்கிலும் அந்த வீட்டை முதலிலேயே தள்ளிவைத்திருந்தோம். ஆளில்லாத வீடு தண்ணீர் குடிக்குமா? சாவி வாங்கித் திறந்தால், பாத்ரூம் ஃப்ளஷ் டேங்கில் மிதவை சாய்ந்து மாட்டிக்கொண்டு, கம்மோடுக்குள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரி கடைசியில் புரோக்கர் யாருக்கோ வீடு காட்டக் கூட்டி வந்தாராம். யாரோ ஃப்ளஷ் பண்ணிவிட்டுப் போயிருக்க வேண்டும். என் ஊகம்தான், நிரூபிக்க முடியாது.

பிளம்பர் வந்தார், ஏப்ரலில் மீண்டும் இரண்டு வண்டி ஆனது. எல்லாரும் கை கொடுத்தார்கள். ஆனால் ஏப்ரலில் பள்ளி விடுமுறை, பாதி வீடு சேலம், வேலூர் என்று ஊருக்குப் போயிருந்தது. வண்டி குறைந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாமே? அதனால் இன்னொரு ராத்திரி மாடி ஏறினேன். ஒன்றிலிருந்து நாலு வரை கால் அங்குலம்கூட இறங்கவில்லை. அப்புறம்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தப் பையன்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மே மாதம் காலி பண்ணிவிட்டுப் போனார்கள். இப்போது அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. ராத்திரி பதினொன்றுக்கு வாஷிங் மெஷின் ஓடும். மாமா காதில் அந்தச் சத்தம் விழுவதில்லை.